மூவாயிரத்து இருநூறு

எங்கள் வீட்டில் ஆட்டு ஈரல் வறுத்தால் அது மாப்பிள்ளைக்கு. என் தங்கைக்குக் கல்யாணம் ஆகும்வரை அந்த ஈரல் என் தட்டில்தான் விழுந்துகொண்டிருந்தது. தாலி ஏறியதோடு தட்டு மாறிவிட்டது. காற்று வரும் ஜன்னலோரம் போட்டிருந்த நாற்காலி, காலையில் முதலில் பிரிக்கும் பத்திரிகை, குழம்பு கொதிக்கும்போது உப்புப் பார்க்கத் தரும் முதல் துண்டுக் கறி என்று ஒவ்வொன்றாக உசிலம்பட்டி மாப்பிள்ளை பக்கம் போயின. பெண்ணைக் கொடுத்த வீடு அப்படித்தான் இருக்க வேண்டும் என்று எனக்கும் தெரியும். அதனால் வாயைத் திறக்கவில்லை. ஆனால் வயிறு எரிந்தது. அதை நாசூக்காகச் சொல்ல எனக்கு வராது. பொறாமை என்றால் பொறாமைதான்.

ஈரல்கூடப் போகட்டும். தங்கை போனதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

வைகையின் வடகரையில் எனக்கு ஒரு லேத் பட்டறை இருந்தது. பஸ், லாரி எஞ்சின் வேலைகள் வரும். தங்கை பள்ளிக்கூடம் முடித்த பிறகு, எனக்கு மதியச் சாப்பாடு கொண்டுவரும் சாக்கில் வந்து சாயங்காலம்வரை அங்கேயே இருப்பாள். எஞ்சினை ஓடவிட்டால் கண்ணை மூடிக்கொண்டு கேட்டு, "மூணாவது சிலிண்டர் சரியா அடிக்கல அண்ணே" என்பாள். பாதி நாள் அவள் சொன்னது சரியாக இருக்கும். மீதி நாள் அது நான்காவது சிலிண்டராக இருக்கும். இருந்தாலும் அவள் சொல்லாமல் நான் எந்த எஞ்சினையும் மூடியதில்லை. கல்யாணத்துக்குப் பிறகு பட்டறையில் என் எஞ்சின்கள் ஓடின, நின்றன, யாரும் கண்ணை மூடிக் கேட்கவில்லை. உசிலம்பட்டியில் மாப்பிள்ளை வீட்டு லாரிகள் கிளம்பும்போது அவள் வாசலில் நின்று கேட்கிறாள் என்று அம்மா பெருமையாகச் சொன்னபோது, பாதிச் சோற்றில் எழுந்து கை கழுவினேன்.

இந்த லட்சணத்தில்தான் நானும் மாப்பிள்ளையும் சேர்ந்து ஒரு கார் வாங்கினோம். எழுபதுகளின் கடைசி. ஊருக்கு வெளியே ஒரு மிஷன் வளாகத்துக்கு ஜெனரேட்டர் பழுது பார்க்கப் போன இடத்தில், புளியமரத்தடியில் இரண்டு அமெரிக்கக் கார்கள் செத்துக் கிடந்ததைக் கண்டுபிடித்தவன் நான். லாரி கொண்டுவந்து இழுத்துப் போனவர் அவர். ஒன்றை ஓட வைப்பது, இன்னொன்றை உதிரிபாகத்துக்கு வைத்துக்கொள்வது என்று ஏற்பாடு. எட்டு சிலிண்டர் எஞ்சின், கியர் மாற்றக் கிளட்ச் கிடையாது, எல்லாம் ஆட்டோமேட்டிக். அந்த எஞ்சினை நான் அக்கக்காகக் கழற்றி, சிலிண்டரைப் பெரிதாக்கி, தூத்துக்குடித் துறைமுகத்தில் ஒரு கப்பல்காரன் மூலம் வந்த, வால்வுகளைத் திறந்து மூடும் வேகமான கேம் ஷாஃப்டையும் பெரிய கார்புரேட்டரையும் மாட்டினேன். முதல்முறை முடுக்கியபோது பட்டறைக் கூரையில் இருந்த புறாக்கள் எல்லாம் எழுந்து ஆற்றுப் பக்கம் போய்விட்டன.

செட்டிநாட்டுப் பக்கம், வெள்ளைக்காரன் யுத்த காலத்தில் போட்டுவிட்டுப் போன விமான ஓடுதளம் ஒன்று ஆடு மேய்ந்துகொண்டு கிடந்தது. பொங்கல் முடிந்ததும் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், பஸ் முதலாளி வீட்டுப் பிள்ளைகளும் மில் முதலாளி வீட்டுப் பிள்ளைகளும் அங்கே கூடி, இரண்டிரண்டு கார்களாக நிறுத்திக் கால் மைல் ஓட்டிப் பார்ப்பார்கள். யாரிடம் அனுமதி வாங்கினார்கள் என்று எனக்குத் தெரியாது. மூன்று ஓட்டத்தில் இரண்டு ஜெயித்தால் ஜெயிப்பு. அந்த ஓட்டத்தில் எங்கள் கார் நிற்க வேண்டும். அதன் ஸ்டியரிங்குக்குப் பின்னால் நான் உட்கார வேண்டும். அந்த வருஷம் முழுவதும் எனக்கு இருந்த ஆசை இது ஒன்றுதான்.

ஆசையைச் சொல்ல வழியில்லை. எங்கள் அப்பாவும் அத்தை வீட்டுக்காரரும் கிணற்று மோட்டாரை எங்கே உட்கார வைப்பது என்று பேச ஆரம்பித்து, சண்டையாகி, ஒருவர் வாசலை ஒருவர் மிதிக்காமலே இறந்துபோனவர்கள். அதிலிருந்து அம்மா ஒரு சட்டம் போட்டிருந்தாள். மாப்பிள்ளையிடம் நேருக்கு நேர் எதிர்ப்பேச்சு கூடாது. மாற்றிச் சொல்ல வேண்டியது இருந்தால் தங்கையிடம் சொல்லி அனுப்ப வேண்டும். அவருக்கும் யாரோ அப்படியே சொல்லி வளர்த்திருக்க வேண்டும், அவரும் என்னிடம் எதையும் மறுத்துப் பேசியதில்லை. இரண்டு பேரும் நேரில் பார்த்தால் மழையைப் பற்றிப் பேசுவோம். உசிலம்பட்டிப் பக்கம் மழை எவ்வளவு பெய்யும் என்பது தெரிந்தவர்களுக்கு, அந்தப் பேச்சு எவ்வளவு நேரம் ஓடும் என்பதும் தெரியும்.

தகராறு கன்வெர்ட்டரில் வந்தது. கிளட்ச் இல்லாத காரில் எஞ்சினுக்கும் கியருக்கும் நடுவே பெரிய வாணலிகள் இரண்டைக் கவிழ்த்து ஒட்டியதுபோல ஒரு உருண்டை இருக்கும். உள்ளே எண்ணெய். எஞ்சின் ஒரு பக்கத் தகடுகளைச் சுற்ற, அவை வீசும் எண்ணெய் எதிர்ப்பக்கத் தகடுகளைத் தள்ள, அதில்தான் சக்கரம் ஓடும். சக்கரத்தை அசையவிடாமல் பிடித்துக்கொண்டு ஆக்ஸிலேட்டரை முழுக்க மிதித்தால் எஞ்சின் ஒரு வேகம்வரை ஏறி, அதற்குமேல் ஏற முடியாமல் அங்கேயே நிற்கும். அதுதான் ஸ்டால் ஸ்பீடு. கம்பெனிக்காரன் குடும்பத்தோடு மாதாகோயிலுக்குப் போக வைத்த கன்வெர்ட்டர் அது, நிமிஷத்துக்கு இரண்டாயிரம் சுற்றிலேயே நின்றுவிடும். நான் போட்ட கேம் அதிகச் சுற்றில்தான் விழிக்கும், இரண்டாயிரத்தில் அதற்கு உயிரே கிடையாது. கொடி அசைந்தால் மற்ற கார் போய்விடும், எங்கள் கார் கொட்டாவி விட்டுக்கொண்டு நிற்கும்.

ஆகவே ஸ்டாலை ஏற்ற வேண்டும். உருண்டையின் வெல்டிங்கை லேத்தில் வெட்டிப் பிளந்து, எஞ்சின் பக்கத் தகடுகளைக் கொஞ்சம் பின்னோக்கி வளைத்து, திரும்ப ஒட்டி, ஆடாமல் சுற்றுகிறதா என்று பார்க்க வேண்டும். எவ்வளவு வளைத்தால் எவ்வளவு ஏறும் என்று சொல்லித்தர மதுரையில் ஆள் இல்லை. இரண்டாவது காரின் கன்வெர்ட்டரை வெட்டிப் பாழாக்கித்தான் கற்றேன். மிச்சம் இருந்தது ஒன்றே ஒன்று. அதைப் பிளந்து ஒட்டினால் ஒட்டியதுதான், மறுபடி கை வைத்தால் தாங்காது. எந்த எண்ணுக்கு வைப்பது என்று முதலிலேயே முடிவு செய்தாக வேண்டும்.

நான் இரண்டாயிரத்துத் தொள்ளாயிரம் என்றேன். எங்களிடம் இருந்தது தேய்ந்த டயரில் புது ரப்பர் ஒட்டிய ரீட்ரேடு டயர். அதற்குமேல் ஏற்றினால் கார் புறப்படாது, ரப்பர்தான் புகையும். ஸ்டால் அதிகமானால் தகடுகளுக்கு நடுவே எண்ணெய் வழுக்கிக்கொண்டே இருக்கும், கொதித்துப் போகும், எஞ்சின் கத்தும் அளவுக்கு வண்டி ஓடாது. சனிக்கிழமை பஸ்ஸில் வந்த தங்கையிடம் இதையெல்லாம் சொல்லி அனுப்பினேன்.

அடுத்த சனிக்கிழமை பதில் வந்தது. பட்டறை வாசலில் பூக்கூடையும் கையுமாக நின்று சொன்னாள்.

"அவுக மூவாயிரத்து இருநூறுல நிக்கிறாக அண்ணே. அதுக்குக் கீழ ஒரு சுத்துகூட எறங்க மாட்டாகளாம்."

"டயரு வழுக்கும்னு சொன்னியா?"

"சொன்னேன். வழுக்குனா வழுக்கட்டும்ங்கிறாக. கேமு முழிக்கிறதே அங்கதானாம்."

"எஞ்சினைக் கட்டுனவன் நானா அவுகளா?"

"அதையும் போய்ச் சொல்லவா?" என்றாள். அம்மாவின் சட்டம் நினைவுக்கு வந்தது. வேண்டாம் என்றேன்.

அந்த வாரம் முழுவதும் மாப்பிள்ளையை மனதுக்குள் திட்டிக்கொண்டே தகடு வளைத்தேன். ஈரலைக் கொடுத்தாயிற்று, நாற்காலியைக் கொடுத்தாயிற்று, தங்கையைக் கொடுத்தாயிற்று, இப்போது என் எஞ்சினுக்கு எண்ணும் அவரே வைக்கிறார். இருந்தாலும் வேலையில் வஞ்சகம் செய்யவில்லை. மூவாயிரத்து இருநூறு என்றால் மூவாயிரத்து இருநூறு.

உசிலம்பட்டியில் அவர்கள் தோட்டத்தில் வைத்துச் சோதித்தோம். பின்பக்கம் போகும் ஷாஃப்ட் சுற்றாதபடி கனமான இரும்புக் கட்டையைப் பூட்டி, அதற்குமேல் நம்பிக்கையில்லாமல் காரைக் கிணற்றடிக் கல்தூணோடு சங்கிலி போட்டுக் கட்டினோம். சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்தார் மாப்பிள்ளை. நான் சங்கிலிப் பக்கம், அவர் ஷாஃப்ட் பக்கம். உள்ளே உட்கார்ந்து மிதித்து, சுற்று காட்டும் முள்ளைப் பார்க்கிற வேலை தங்கைக்கு. நாங்கள் வாங்கியதிலிருந்து ஒவ்வொரு சோதனைக்கும் அவள்தான் உட்கார்ந்தாள், ஏனென்றால் நானும் அவரும் மாறி மாறி "நீங்க உக்காருங்க", "இல்ல நீங்க உக்காருங்க" என்று மரியாதை செய்துகொண்டே நின்றோம். இடது காலைப் பிரேக்கில் ஊன்றிக்கொண்டு வலது காலால் முழுக்க மிதித்தாள். கார் பின்பக்கம் குந்தி உறுமியது. சில நொடிதான், அதற்குமேல் எண்ணெய் தாங்காது. காலை எடுத்துவிட்டு ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினாள்.

"மூவாயிரத்து இருநூறு!"

நான் மாப்பிள்ளையைப் பார்த்தேன். அவர் கேட்ட எண் அப்படியே வந்திருக்கிறது, முகத்தில் ஒரு சந்தோஷம் இருக்க வேண்டாமா? "ம்" என்று மட்டும் சொல்லிவிட்டு இரும்புக் கட்டையைக் கழற்றப் போனார். எனக்கு அது திமிராகத் தெரிந்தது. பஸ்ஸில் திரும்பும்போது நாகமலை முடியும்வரை அந்த "ம்"மையே நினைத்துக் கொதித்துக்கொண்டு வந்தேன்.

ஓடுதளத்துக்குப் போன அன்று காலை பனி விலகவில்லை. நான், மாப்பிள்ளை, தங்கை, ஒரு தூக்கு நிறையப் புளிசாதம். எங்களோடு போட்டிக்கு நின்றது கோயம்புத்தூர்ப் பக்கத்து மில் முதலாளி பையனின் கார். அதிலும் பெரிய எஞ்சின்தான், ஆனால் கியர் கையால் மாற்ற வேண்டியது. அவன் கறுப்புக் கண்ணாடியைப் பனியிலும் கழற்றவில்லை.

காரின் கதவருகே போனதும் மாப்பிள்ளையின் வாயையே பார்த்துக்கொண்டு நின்றேன். 'மச்சான், நீங்க ஓட்டுங்க' என்று ஒரு வார்த்தை. அவர் சொன்னால் நான் ஒருமுறை மறுத்துவிட்டு உட்கார்ந்திருப்பேன். அவர் என்னைப் பார்த்தார். நான், பெண் கொடுத்த வீட்டுக்காரன், சிரித்துக்கொண்டே சாவியை நீட்டினேன். அவர் மறுக்காமல் வாங்கிக்கொண்டார்.

கொடி இறங்கியது. மாப்பிள்ளை ஒரே மிதி மிதித்தார். பின்சக்கரங்கள் நின்ற இடத்திலேயே சுற்றின. கறுப்புக் கோடும் புகையும் போட்டுவிட்டு எங்கள் கார் கிளம்புவதற்குள் மில்காரப் பையன் பாதித் தூரம் போயிருந்தான். தோற்றோம். எனக்கு வருத்தமாக இருந்தது என்று சொல்ல வேண்டும். இல்லை, இனித்தது.

அவர் இறங்கி வந்த வேகத்தில் அம்மாவின் சட்டம் பறந்துபோயிற்று.

"மச்சான், நீங்க சொன்ன மூவாயிரத்து இருநூறு பத்தாது. நான் அப்பவே மூவாயிரத்து அறுநூறு கேட்டேன்."

"நான் எங்க சொன்னேன்? அது நீங்க கேட்டதுல்ல? நான் தொள்ளாயிரத்துலயில்ல நின்னேன்! ரெண்டாயிரத்துத் தொள்ளாயிரம்!"

"அதுக்குமேல ஏத்தவே மாட்டீங்கன்னு வந்து சொன்னாளே. பட்டறைக்காரர் சொன்னா சரியாத்தான் இருக்கும்னு நானும் விட்டுட்டேன்."

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் திரும்பினோம். தங்கை காரின் டிக்கி மூடியில் உட்கார்ந்து புளிசாதத்தை வாழையிலையில் வைத்துக்கொண்டிருந்தாள். கை நிற்கவில்லை.

"ஆமா, நாந்தான் சொன்னேன். ரெண்டு பேரு சொன்னதும் தப்பு" என்றாள். "கன்வெர்ட்டர வெட்டுறதுக்கு முந்தி செக்கானூரணி ரோட்டுல அவுக ஓட்டும்போது பக்கத்துல உக்காந்து முள்ளப் பாத்துக்கிட்டே வந்தேன். எப்ப என் முதுகு சீட்டுல போயி ஒட்டுதோ, அப்பல்லாம் முள்ளு மூவாயிரத்து இருநூறக் காட்டுச்சு. ஒரு தடவகூட மாறல. அண்ணே சொன்னதுக்கு வச்சா முழிக்காது, இவுக சொன்னதுக்கு வச்சா வெறுமனே கத்தும். இத நான் சொன்னா நீங்க ரெண்டு பேரும் கேட்டிருப்பீகளா? அதான் அவுககிட்ட அண்ணே சொன்னதாச் சொன்னேன், அண்ணேகிட்ட அவுக சொன்னதாச் சொன்னேன். மரியாதைக்காக ரெண்டு பேருமே ஒத்துக்கிட்டீக."

எனக்குக் கோபம் வரவில்லை. அதைவிட மோசமான ஒன்று வந்தது. அந்த முதுகு அவர் பக்கத்துச் சீட்டில் இருந்திருக்கிறது. என் எஞ்சினை அவள் கேட்டாள், ஆனால் அவர் ஓட்டும்போது கேட்டாள்.

மாப்பிள்ளை சாவியை என்னிடம் நீட்டினார்.

"இந்தத் தடவை நீங்க ஓட்டுங்க மச்சான்."

நான் ஒருமுறைகூட மறுக்கவில்லை. ஒரு வருஷமாகக் கனவு கண்ட இடத்தில் உட்கார்ந்தேன். டயர் வழுக்கிவிடும், அவரைப்போலவே புகை விட்டு அசிங்கப்பட்டுவிடுவோம் என்ற பயத்தில், கொடி இறங்கியதும் ஆக்ஸிலேட்டரைப் பூப்போல மிதித்தேன். முள் இரண்டாயிரத்தை ஒட்டியே தடவிக்கொண்டு நின்றது. கார் பால்காரன் சைக்கிள் மாதிரிக் கிளம்பியது. பாதித் தூரத்தில் மில்காரப் பையன் மூன்றாவது கியரைத் தவறவிட்டுத் தடுமாறினான், அந்த இடைவெளியில் நான் கோட்டைத் தாண்டினேன். ஜெயித்தேன் என்று கை தட்டினார்கள். மாப்பிள்ளையும் தட்டினார். எனக்குத்தான் என் முகத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

இரண்டு காருக்கும் ஒவ்வொரு ஜெயிப்பு. மூன்றாவது ஓட்டம் மிச்சம்.

சாவி என் கையில் இருந்தது. கொடுக்க மனமில்லை. அவர் கேட்கவும் இல்லை, கண்ணை எடுக்கவும் இல்லை. கோட்டில் மில்காரப் பையன் எஞ்சினை முடுக்கி அவசரப்படுத்திக்கொண்டிருந்தான். தங்கை இலையை மடித்து வைத்துவிட்டு, சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு வந்து என் விரல்களைப் பிரித்துச் சாவியை எடுத்தாள்.

"நீ எப்புடிம்மா ஓட்டுவ?" என்றேன்.

"அவ ஓட்டுவா மச்சான். நாந்தான் கத்துக்குடுத்தேன்" என்றார் மாப்பிள்ளை.

அதையும் அவரே செய்திருக்கிறார். இத்தனை வருஷம் என் பட்டறையில் நூறு வண்டி நின்றும், இவளை ஒன்றில் உட்காரவைத்து ஓட்டச் சொல்ல எனக்குத் தோன்றவில்லையே என்று அந்த இடத்திலேயே இன்னொரு முறை எரிந்தேன்.

அவள் உட்கார்ந்தாள். சீட்டை முன்னால் இழுத்துக்கொண்டாள். இடது காலைப் பிரேக்கில் ஊன்றி, வலது காலால் மெல்ல ஏற்றினாள். கிணற்றடியில் அவள் பழகியது அதுதான். கார் பின்னால் குந்திக்கொண்டு காத்திருந்தது. கொடி அசைந்ததும் பிரேக்கை விட்டு முழுக்க மிதித்தாள். டயர் ஒருமுறை கீச்சென்றது, அவ்வளவுதான். எஞ்சின் ஒரே சுருதியில் நின்றது. நான் முள்ளைப் பார்க்கவில்லை. பார்க்கத் தேவையும் இல்லை, காதுக்கே தெரிந்தது, மூவாயிரத்து இருநூறு. வண்டி அந்தச் சத்தத்தைத் துரத்திப் பிடித்துக்கொண்டு போயிற்று. மில்காரப் பையனின் கறுப்புக் கண்ணாடி எங்கள் காரின் பின்பக்கத்தைத்தான் கடைசிவரை பார்த்துக்கொண்டிருந்தது.

தூரத்தில் கார் திரும்புவது சின்னதாகத் தெரிந்தது. ஜன்னல் வழியே ஒரு வளையல் கை அசைந்தது. எங்கள் இருவரில் யாருக்கு என்று தெரியாமல் இருவருமே கையசைத்தோம்.

"மச்சான், தப்பா நெனைக்கக் கூடாது" என்றார் அவர். "எனக்கு வயிறு எரியுது."

கல்யாணமான நாளிலிருந்து நாங்கள் பேசிய முதல் உண்மையான பேச்சு அது. அதுவரை அவரை முழு வார்த்தையாக 'மாப்பிள்ளை' என்றுதான் கூப்பிட்டிருக்கிறேன்.

"எனக்குந்தான் மாப்ள" என்றேன்.

அடுத்த வாரம் இருவரும் விருந்துக்கு வந்தார்கள். அம்மா ஈரல் வறுத்து, வழக்கம்போல மாப்பிள்ளை இலையில் வைத்தாள். அவர் அதை அப்படியே வழித்து எடுத்துத் தங்கையின் இலையில் வைத்தார். அம்மா கரண்டியும் கையுமாகத் திகைத்து நின்றாள். தங்கை யாரையும் நிமிர்ந்து பார்க்காமல், எங்களில் ஒருவருக்கும் ஒரு துண்டுகூட எடுத்து வைக்காமல், முழுவதையும் நிதானமாகத் தின்றாள். நானும் மாப்பிள்ளையும் ரசச் சோற்றைப் பிசைந்தபடி அதையே பார்த்துக்கொண்டிருந்தோம்.